முறித்த கொப்புகள்

இன்று காலை மூதூரிலிருந்து திருகோணமலைக்கு வந்த பஸ். எனக்குப் பக்கத்தில் முதுகுப்பையோடு இரண்டு இளைஞர்கள், தாங்கள் நடந்த காட்டுப் பாதைகளைத் தங்கள் முகநூல் பக்கத்துக்காகத் தரப்படுத்திக்கொண்டிருந்தார்கள். முதலிடம் தோப்பூருக்கு அப்பாலுள்ள காட்டுக்கு.

"மச்சான், வழிநெடுக முறிஞ்சு தொங்கின கொப்பெல்லாம் வெட்டித் துப்புரவாக்கினமே, அதுதான் பெரிய வேலை."

முன் இருக்கைப் பெண் திரும்பினார். கையில் கணவரின் படம், பொலிசில் கொடுப்பதற்கு.

"எப்ப தம்பி வெட்டினீங்கள்?"

"சனிக்கிழமை அக்கா. எந்த விசரன் முறிச்சானோ!"

"என்ர மனிசன் வெள்ளிக்கிழமை தேனுக்குப் போனவர். திரும்பி வர அடையாளத்துக்குக் கொப்பு முறிச்சுக்கொண்டுதான் போவார். இன்னும் வரேல்லை."

"அது வேற பாதையா இருக்கும் அக்கா."

"அந்தக் கொப்புகளின்ர படம் இருக்கே?"

ஒருவன், வெட்டுமுன் போனில் எடுத்த படத்தைக் காட்டினான். அவர் நெடுநேரம் பார்த்தார்.

"எல்லாம் இடப்பக்கம் மடிஞ்சிருக்கு. அவர் இடக்கையன்."

திருகோணமலைக்கு டிக்கெட் எடுத்திருந்த இளைஞர்கள் இருவரும் கிண்ணியாவிலேயே இறங்கிவிட்டார்கள்.

மாலையில் அவர்களுடைய பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். அந்தப் பாதை இன்னும் முதலிடத்தில். கீழே ஒருவர், "வழி தவறிவிடுமா?" என்று கேட்டிருக்கிறார்.

"பயப்படாமல் வாங்கோ, பாதை இப்ப துப்புரவு" என்று பதில்.

நான் இன்னும் ஒன்றும் எழுதவில்லை. நீங்கள் என்றால் என்ன எழுதுவீர்கள்?