பச்சையை மூடியவர்

எங்கள் பனியன் கம்பெனியின் ஏற்றுமதி ஆர்டர்கள் முழுவதும் இருந்த கம்ப்யூட்டர் தொகுப்பு (கன்டெய்னர் கிளஸ்டர் என்பார்கள்) செத்துப்போனதும், பேக்கப்பிலிருந்து மீட்கக் கோவையிலிருந்து ஒருவர் வந்தார். ஒல்லியான, சிரிக்காத மனிதர். உட்கார்ந்ததுமே, திரையில் ‘வெற்றி’ என்று பச்சையாகக் காட்டும் இடத்தின்மேல் பார்கோடு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினார்.

“ஏனுங்க அது?” என்றேன்.

“பாத்தா நம்பிப்போடுவனுங்க.”

மீட்பு முடிந்து அப்ளிகேஷன்கள் எல்லாம் ஓடின. பழைய ஆர்டர் ஒன்றைத் திறந்தார். காலி. தகவல்கள் சேமிக்கப்படும் ஸ்டோரேஜின் பெயர் பொருந்தவில்லையோ என்று அதை மாற்றி மறுபடி மீட்டார். அப்போதும் காலி.

முதலாளியிடம் சொன்னார்: “இத்தன நாளும் அப்ளிகேஷன்ங்கிற அட்டைப்பெட்டி மட்டுந்தானுங்க பேக்கப் ஆயிருக்குது. உள்ள ஆர்டர்ங்கிற சரக்கு ஏறவே இல்லீங்க.”

முதலாளி அலமாரியில் பழைய ஆர்டர் காகிதங்களைத் தேட ஆரம்பித்தார்.

கோவைக்காரர் போன பிறகு ஸ்டிக்கரை உரித்துப் பார்த்தேன். அடியில் பச்சை அப்படியே எரிந்துகொண்டிருந்தது. திரும்ப ஒட்டிவிட்டேன்.