வாத்தியார் கையில் ஒரு குமிழ்

பாட்டுக்குக் கம்ப்யூட்டரில் எஃபெக்ட் போடுகிற தொழிலில் ஒரு கொடுமை உண்டு: நன்றாகப் போட்டால் ஒருத்தருக்கும் தெரியாது, தெரிந்துவிட்டால் ரிப்பேர் என்பார்கள். என்னைப் போலவே ஹெட்போனை மாட்டிக்கொண்டு காது சிவக்க உட்கார்ந்திருக்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததா! மற்றவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. சத்தத்தை ஆட்டி வைத்தால் அது மாடுலேஷன். திரையில் ஒரு கோடு இழுத்துவிட்டால், கோடு ஏறி இறங்குகிறபடி, கையால் திருகிச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழைக் கம்ப்யூட்டரே திருப்பிக்கொள்ளும், அது ஆட்டோமேஷன். இந்த இரண்டையும் நம்பித்தான் காந்திபுரத்தில், டவுன் பஸ் ஹாரன் உள்ளே வராதபடி கதவை அடைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறேன்.

மாப்பிள்ளை வருகிறார்

பவானியிலிருந்து ஒரு ஜமக்காள வியாபாரி வந்தார். அக்கா மகனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை மண்டபத்துக்குள் வரும்போது தூள் கிளப்புகிற மாதிரி ஒரு பாட்டு வேண்டும் என்றார். நானும் ஆசை ஆசையாக ஒரு வேலை செய்தேன். ஆரம்பத்தில் சத்தம் மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து வருவதுபோல அமுங்கி இருக்கும். கோடு மேலே ஏற ஏற, மெல்லத் திறந்து, மாப்பிள்ளை வாசலைத் தாண்டும்போது ‘டமார்’ என்று முழுசாக விழும்.

மண்டபத்தில் நானும் இருந்தேன். மாப்பிள்ளை கூச்சத்தில் வாசலிலேயே நின்றுவிட்டார். அந்த அமுங்கல் முடிவதற்குள் தாய்மாமனான வியாபாரி வேர்த்து விறுவிறுத்து என்னிடம் ஓடி வந்தார். “ஏனுங்க அம்மணி, எங்க மாப்பிள்ளை வர்றப்பத்தான் உங்க ஸ்பீக்கருக்குச் சளி புடிக்கோணுமா?”

ஊஞ்சல்

மில் முதலாளி வீட்டு அம்மா ஒருவர் அம்மன் பாட்டு பாடிப் பதிவு செய்தார். நல்ல குரல், ஆனால் கொஞ்சம் தட்டை. ஊஞ்சல் பாட்டுதானே என்று குரலை லேசாக ஏற்றி இறக்கி ஆட வைத்தேன். நான் அப்படியே சொக்கிப்போனேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு முழுசும் கேட்டார். பாராட்டு வரப்போகிறது என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். “நல்லாத்தான் இருக்குது. ஃபேனை அணைச்சுப்போட்டு எடுத்திருக்கலாமே கண்ணு!”

பேசாத வாத்தியார்

தாராபுரம் பக்கத்திலிருந்து ஒரு வள்ளிக்கும்மி வாத்தியார் தன் மனைவி சரசக்காவுடன் வந்தார். வாத்தியார் வள்ளி கதையைப் பாட, ஊர்க்காரர்கள் வட்டமாகச் சுற்றிவந்து ஆடுவது வள்ளிக்கும்மி. நான் ‘வாங்க’ என்றதற்குக் கை மட்டும் கூப்பினார். தொண்டையில் ஆபரேஷன் ஆகியிருந்தது. இப்போதைக்குப் பாடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஊரிலோ அரங்கேற்றத்துக்கு நாள் குறித்து, எல்லாருக்கும் ஒரே கலரில் சேலையும் எடுத்தாகிவிட்டது. முன்பு ஒத்திகையில் அவர் பாடியது செல்போனில் இருக்கிறது. அதைச் சுத்தம் செய்து, தாளம் சேர்த்துத் தர வேண்டும். “வேற வாத்தியாரைக் கூப்புடலாம்னு இப்பவே பேச்சு அடிபடுதுங்க. இவரில்லாம அரங்கேற்றம் நடந்துச்சுன்னா, தொண்டை சரியானாலும் இந்த மனுசன் இனிப் பாடமாட்டாரு” என்றார் சரசக்கா. வாத்தியார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேச்சை மாற்றலாம் என்று ஒரு பழைய பாட்டை ஓடவிட்டேன். என் மேஜையில் இருக்கிற மிக்ஸரில், கோட்டுக்குத் தக்கபடி பட்டன்கள் தாமாக மேலும் கீழும் நகரும். சரசக்கா வாயைப் பிளந்து பார்த்தார். “அட, ஒரு வார்த்தை சொல்லாமயே நகருதுங்களே! இவரு கும்மிக்காரங்களுக்குச் சொல்லிச் சொல்லித்தானுங்க தொண்டையே போச்சு.”

நேர்கோடு

கும்மி மெதுவாகத் தொடங்கி, போகப்போக வேகம் பிடிக்கும். நான் என்ன செய்தேன், வேகத்துக்கு ஒரு கோடு இழுத்தேன். அடியிலிருந்து உச்சி வரை, அளவெடுத்தாற்போல, ஒரே சீராக. சுருதி இம்மிகூட மாறாமல் குரலும் கூடவே ஓடியது. கீபோர்டு வாசிக்கிற ஜெரால்டிடம் போட்டுக் காட்டி, ‘எப்படி?’ என்று புருவத்தை வேறு தூக்கினேன். மண்டைக்கனம்தான், வேறென்ன!

கோயில் மைதானத்தில் ஒத்திகை. முதலில் எல்லாம் ஜோராகப் போனது. வேகம் ஏறியதும், வெளி வட்டத்தில் ஆடிக்கொண்டிருந்த பாப்பாத்தியக்காவுக்குக் கொண்டை அவிழ்ந்து, அவர் தடுமாற, பின்னால் வந்தவர் அவர்மேல் மோத, வட்டமே கலைந்துபோனது. வாத்தியார் ‘நிறுத்து’ என்று கையைத் தூக்கினார். ஸ்பீக்கரில் அவர் குரல் நிற்குமா? அது பாட்டுக்குப் பாடிக்கொண்டே ஓடியது. தன் குரல் தன் பேச்சைக் கேட்காமல் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஓடிப்போய் நானே நிறுத்தினேன். பாப்பாத்தியக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, இளைக்க இளைக்க என்னைக் கேட்டார்: “ஏனுங்க, நெசத்து வாத்தியாரு எங்க காலைப் பாத்துப் பாடுவாருங்க. இந்த வாத்தியாரு யாரைப் பாத்துப் பாடறாரு?”

குமிழ்

ஜெரால்டு ஸ்பீக்கர் கேபிளைச் சுற்றிக்கொண்டே, “கோட்டை அழிச்சுருங்கக்கா. வேகத்தை ஒரு குமிழுக்கு மாத்தி வாத்தியார் கையில குடுத்துருங்க” என்றான். எனக்குச் சுருக்கென்றது. எத்தனை நாள் பாடுபட்டு இழுத்த கோடு! போடா என்று திட்டிவிட்டு, ஊர் திரும்பியதும் அழித்தேன். கைக்கு அடக்கமான ஒரு சின்னப் பெட்டி. அதில் ஒரு குமிழ். வலப்பக்கம் திருப்பினால் பாட்டு வேகம் பிடிக்கும், இடப்பக்கம் திருப்பினால் தணியும். வாத்தியார் முதலில் அதை ஃபேன் ரெகுலேட்டரைப்போலத் திருகினார், பாட்டு குதித்தது. பிறகு கை பழகிவிட்டது.

அரங்கேற்றத்தன்று ஊரே திரண்டிருந்தது. கூப்பிடலாம் என்று பேசிவைத்திருந்த அந்த வேற வாத்தியாரும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டார். நம் வாத்தியார் வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்றார். மைக் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பெட்டி. கண் முழுக்கக் கும்மிக்காரர்களின் கால்மேல். வேகம் ஏறியது. உள் வட்டத்தில் ஒரு குழந்தைக்கு அடி பிசகியது. வாத்தியார் விரல் ஒரு நூல் இடப்பக்கம் திரும்பியது. பாட்டு மூச்சு வாங்கியது, வட்டம் சேர்ந்தது, மறுபடி ஏறியது. அவர் உதடு சத்தமில்லாமல் கூடவே பாடிக்கொண்டிருந்தது. சரசக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நானும் அழுதேன், சொல்ல என்ன வெட்கம்!

முடிந்ததும் கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. முன்வரிசை வாத்தியாரே எழுந்து வந்து நம் வாத்தியாருக்குத் துண்டு போர்த்தினார். துண்டு போர்த்தியவரை விலக்கிக்கொண்டு, கொண்டை கலையாத பாப்பாத்தியக்கா மூச்சிரைக்க வந்தார். பெட்டியாவது குமிழாவது, அவருக்கு எதுவும் நினைவில் இல்லை. நேராக வாத்தியாரிடம் போய்ச் சண்டைக்கு நின்றார்: “ஏனுங்க வாத்தியாரே, பாடக் கூடாதுன்னு டாக்டரு அத்தன சொல்லியும் இப்படிப் பாடிப்போட்டீங்களே, தொண்டை என்னத்துக்காகும்!”

இப்போது அந்தப் பக்கத்துக் கும்மிக்காரர்கள் எல்லாரும் ‘அந்த வாத்தியார் பொட்டி’ இருக்கிறதா என்று கேட்டுத்தான் எனக்குப் போன் போடுகிறார்கள். கோடு இழுக்கவே இத்தனை வருஷம் படித்த நான், கோட்டை அழித்ததற்காகப் பேர் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.