நான் போட்ட மாவுக்கட்டு

தொண்ணூறுகளில் கோவையில் எலும்பு முறிவு அறுவை சிகிச்சை மேற்படிப்பு படித்த ஆண்டுகளை நினைத்தால், மாவுக்கட்டு அறையின் அந்த ஈர வாசனைதான் எனக்கு முதலில் வரும். கையெல்லாம் மாவு காய்ந்து வெடித்திருக்கும். அப்படியே போய் ஆஸ்பத்திரி வாசல் பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் கேட்போம். கடைக்காரர், "கையைக் கழுவிப்போட்டு வாங்க டாக்டரு" என்பார். அந்த வயதும் அந்தப் பசியும் இனி வரப்போவதில்லை.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கட்டு காய்ந்ததும் அதன்மேல் தேதியையும், போட்டவரின் முதலெழுத்தையும் பென்சிலால் எழுத வேண்டும். அதனால் யார் கட்டு என்ன லட்சணத்தில் இருக்கிறது என்று வார்டுக்கே தெரியும். என் கட்டு சுருக்கமே இல்லாமல் வழவழவென்று இருக்கும். அதில் எனக்குத் தலைக்கனம். "இவன் ஆளுக்குக் கட்டுப் போடறதில்லடா, பொருட்காட்சிக்குப் போடறான்" என்று கூடப் படித்தவர்கள் கிண்டல் செய்வார்கள். எனக்கு அது பாராட்டாகவே கேட்டது.

இரண்டாம் ஆண்டில் கணபதிப் பக்கம் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுபவர் ஒருவர் வந்தார். மொபெட்டிலிருந்து விழுந்து, வலது முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. இழுத்து நேராக்கி, விரல்கள் மட்டும் வெளியே தெரிய, என் பெயர் சொல்லும்படி ஒரு கட்டுப் போட்டேன். மாலையில் போய்ப் பார்த்தபோது விரல்கள் கொஞ்சம் வீங்கியிருந்தன.

"வலிக்குதுங்களா?"

"பரவால்லீங்க. நீங்க இத்தனை சிரமப்பட்டுப் போட்டிருக்கறீங்க, நல்லா இருக்குதுங்க."

நானும் இந்த ஊர்க்காரன்தான். எதிரில் இருப்பவர் மனம் நோகுமென்றால் இங்கே வலியைக்கூடச் சொல்லமாட்டார்கள் என்று தெரியாதவன் அல்ல. அவர் விரலைப் பிடித்து நீட்டிப் பார்த்திருந்தால் கட்டு இறுகி ரத்த ஓட்டத்தை அடைக்கிறதா என்பது ஒரு நிமிடத்தில் புரிந்திருக்கும். நீட்டிப் பார்த்துச் சந்தேகம் வந்தால் கட்டைப் பிளக்க வேண்டும். அவ்வளவு அழகான கட்டைப் பிளக்க எனக்கு மனம் வரவில்லை, அதுதான் நிஜம்.

மறுநாள் காலை அவருடைய மனைவி வராந்தாவில் என் பின்னாலேயே வந்தார். "ஏனுங்க டாக்டரு, அவரு துளிகூடத் தூங்கலீங்க. சொன்னா நீங்க சங்கடப்படுவீங்கன்னு கம்முனு படுத்திருக்கறாருங்க."

ஓடிப்போய் நடுவிரலை மெல்ல நீட்டினேன். அவர் கத்தவில்லை, கண்களில் நீர் வழிந்தது. கட்டை நானே வெட்டினேன். உடனே பேராசிரியர் அவரை அறுவை அரங்குக்குக் கொண்டுபோய், முன்கையைக் கீறி உள்ளிருந்த இறுக்கத்தைத் தளர்த்தினார். கை பிழைத்தது. ஆனால் நடுவிரலும் மோதிர விரலும் மடங்கியபடியே நின்றுவிட்டன. லேத்தைத் தொட முடியாமல், அதே பட்டறை வாசலில் காவலுக்கு உட்கார்ந்தார்.

அடுத்த ஆண்டு எனக்கு இறுதித் தேர்வு. பழைய நோயாளிகளை வரவழைத்து மாணவர்களுக்கு ஆளுக்கொருவராகப் பிரித்துக் கொடுப்பார்கள். என் பங்குக்கு வந்தவர் அந்த லேத்காரர். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காரணம்?"

"இறுக்கமான கட்டு, சார்."

"யார் போட்டது?"

வாயைத் திறந்தேன். அதற்குள் லேத்காரரே, "ஊருல ஒருத்தருகிட்ட நாட்டுக்கட்டுப் போட்டுப்போட்டு, அப்பறந்தானுங்க இங்க வந்தேன். தப்பு என்மேலதானுங்க" என்றார்.

தேர்வாளர் தலையசைத்தார். அவர் எதிர்பார்த்ததும் அந்தப் பதிலைத்தான். நான் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை.

வெளியே வந்தபோது லேத்காரர் மரத்தடியில் எனக்காக நின்றிருந்தார்.

"பாஸாயிருவீங்களாங்க?"

"ஆயிருவேனுங்க."

வெட்கத்தில் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "ரொம்ப சந்தோசமுங்க, வாரேனுங்க" என்று கும்பிட்டார். குவிந்த கைகளில் அந்த இரண்டு விரல்கள் மட்டும் சேரவில்லை.