வெயிலுக்கு எதிரே பிடித்த இலை

எனக்குப் பொறுமை கிடையாது. பால் பொங்க நேரமானால் அடுப்பைத் திட்டுகிறவள் நான். அப்படிப்பட்டவள் கையில், பொங்கலுக்கு வந்த என் மகன் ஒரு சின்ன லென்ஸைக் கொடுத்தான். துணிக்கு மாட்டும் கிளிப் மாதிரி போனில் கவ்விக்கொள்வது. எறும்பின் மீசைகூடத் தெரியும் என்றான். எப்படி எடுப்பது என்று நான் கேட்பதற்குள், ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதென்று ஒரகடத்துக்கு வண்டியைக் கிளப்பிவிட்டான்.

மானாம்பதிப் பக்கம், ஏரிக்குக் கீழே, எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு கழனி. அங்கே போய்த்தான் எடுத்துப் பார்த்தேன். ஆரம்பத்தில் எடுத்ததையெல்லாம் பார்த்தால் வயிற்றெரிச்சல்தான். லென்ஸை மாட்டினால் பூச்சிக்கு ஒரு விரல் தூரத்துக்குப் போக வேண்டும். அவ்வளவு கிட்டே போனால் மூச்சு விட்டாலும் படம் ஆடும். எனக்கு முன்னால் என் நிழல் போய் விழும், தட்டான் பறந்துவிடும். சாப்பிட உட்காரும்போது வீட்டுக்காரர் போனை வாங்கிப் பார்ப்பார். இது என்ன, குளத்துப் பாசியா என்பார். சாதத்தை நங்கென்று வைப்பேன்.

விட்டேனா? கெடுத்துக் கெடுத்தே ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. பனி உலர்வதற்குள் போய்விட்டால் காற்று இருக்காது, பூச்சிகளும் குளிரில் சோம்பி உட்கார்ந்திருக்கும். மேலேயிருந்து எடுத்தால் எல்லாப் பூச்சியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதன் கண் இருக்கிற உயரத்துக்கு நாம் இறங்க வேண்டும். வரப்பில் குந்த எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை, களை எடுத்து எடுத்தே பழகின உடம்பு. முழங்கையை முட்டியில் ஊன்றிக்கொண்டு, மூச்சை விட்டு முடித்த இடத்தில் பட்டனைத் தொட்டால் படம் நிற்கும்.

ஆனால் களை எடுத்த கைக்கு ஒரு சனியன் உண்டு. அழகாக ஒரு ஊசித்தட்டான் நெல் தாளில் உட்கார்ந்திருக்கும். நீலம் அப்படியே மின்னும். பக்கத்தில் ஒரு கோரை தெரியும். அவ்வளவுதான், இடது கை தானாகப் போய்ப் பிடுங்கிவிடும். தட்டான் எங்கே இருக்கப்போகிறது? கட்டையில போற கை என்று என்னை நானே திட்டிக்கொள்வேன். கண் முன்னால் களையை விட்டுவைப்பது எனக்குச் சுலபமாக வரவில்லை. கடைசியில் போனை இரண்டு கையாலும் பிடித்துத்தான் அந்தக் கையை அடக்கினேன்.

போன போகத்தில் அறுக்கிற நேரம் மழை பிடித்துக்கொண்டது. கதிர் படுத்து, படுத்த இடத்திலேயே முளைத்துப் போச்சு. அதனால் தை மாதம் தொடங்கும் இந்த நவரைப் போகம்தான் எங்களுக்கு எல்லாம். பயிர் தூர் கட்டி நன்றாக வந்துகொண்டிருந்தபோது இலை சுருள ஆரம்பித்தது. சுருட்டுப் புழு. சுருண்ட இலைக்குள் உட்கார்ந்து பச்சையைச் சுரண்டித் தின்றுவிடும், இலை வெளுத்துப் போகும். பக்கத்துக் கழனிக்காரர் மருந்து அடித்துவிட்டார். எங்கள் வீட்டுக்காரரும் மருந்து அடிக்கிறவரை மறுநாள் வரச் சொல்லிவிட்டார். என்னைக் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமே கிடையாது. நாற்று நட்டது நான், களை பறித்தது நான். எந்த மருந்து, எப்போது என்பது மட்டும் ஆம்பிளைகள் பேச்சு. எனக்கு அதில் கோபம்கூட வந்ததில்லை, அவ்வளவு பழகிப் போயிருந்தது.

மருந்து விழுவதற்கு முன்னால் சுருண்ட இலையை ஒரு படம் எடுத்துவைப்போம் என்று மறுநாள் காலையிலேயே போனேன். எப்படி எடுத்தாலும் வெறும் பச்சைக் குழலாகத்தான் வந்தது. சலித்துப்போய் இடம் மாறி, வெயிலுக்கு எதிரே குந்தினேன். சூரியன் இலைக்குப் பின்னால் வந்ததும் உள்ளே இருப்பது தெரிந்தது. புழு இருந்தது, அசையவில்லை. அதன்மேல் நொய்யரிசி ஒட்டினாற்போல் வெள்ளை வெள்ளையாகச் சின்னக் கூடுகள். இலையைப் பிரித்தேன். புழு சுருங்கிச் செத்திருந்தது. அடுத்த இலையைப் பிரித்தேன், அதற்கடுத்ததையும். சிலவற்றில் புழு உயிரோடு நெளிந்தது. பலவற்றில் இதே கதைதான். ஒரு கூட்டின்மேல் எறும்பைவிடச் சின்னதாக ஒரு குளவி, அப்போதுதான் வெளியே வந்தது போல நின்றுகொண்டிருந்தது. புழுவைத் தின்று இந்தக் கூடுகளைக் கட்டியது குளவிக் குஞ்சுகள்தான். நாம் செய்யப்போகிற வேலையை இதுகள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கின்றன. மருந்து விழுந்தால் இதுகளும் சேர்ந்துதான் சாகும்.

போட்டது போட்டபடி வீட்டுக்கு ஓடி, மருந்து வேண்டாம் என்று போனை நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைக் கிட்டேயும் தூரத்திலும் வைத்துப் பார்த்தார். போட்டோவைப் பார்த்துவிட்டுப் பயிர் வைக்க முடியுமா என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. போட்டோவை நம்ப வேண்டாம், வந்து கழனியைப் பாரு என்று கத்தினேன். முணுமுணுத்துக்கொண்டே வந்தார். சேற்றில் இறங்கி, இலையை நகத்தால் பிரித்துப் பிரித்துப் பார்த்தபடி அந்தக் கோடி வரைக்கும் போனார். அதற்குள் மருந்து அடிக்கிறவர் வண்டியில் ஸ்ப்ரேயரோடு வந்து நின்றார். அவரைப் பார்த்ததும்தான் எனக்குப் பயம் வந்தது. நான்பாட்டுக்குச் சொல்லிவிட்டேன், மிச்சப் புழு மீறிப்போனால் என்ன செய்வது? இந்த நவரையும் போனால் அடுத்த போகம் வரைக்கும் வீட்டில் என்ன இருக்கிறது?

வீட்டுக்காரர் கரையேறி, காலில் ஒட்டின சேற்றை வரப்பில் தேய்த்தார். இன்றைக்கு வேண்டாம், சொல்லி அனுப்புகிறேன் என்று மருந்து அடிக்கிறவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

"போச்சுன்னா அல்லாரும் என்னைத்தான் சொல்லுவாங்க" என்றேன்.

"போனா ரெண்டு பேருக்குந்தான் போவும். நட" என்றார்.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. விடிந்தால் வரப்புதான். பக்கத்துக் கழனிக்காரர், உங்க வூட்ல ஸ்டுடியோ எப்போ தொறக்கப் போறாங்க என்று என் வீட்டுக்காரரைக் கிண்டல் செய்தாராம். புது இலைகள் சுருளாமல் வர ஆரம்பித்தபோதுகூட நான் நம்பவில்லை. கதிர் தலை சாய்ந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பக்கத்துக் கழனிக்குக் குறையாமல் விளைந்தது. நான் பெருமை பேசவில்லை. சரி, கொஞ்சம் பேசினேன்.

அடுத்த போகம் நட்டுப் பயிர் பச்சை பிடித்திருந்தபோது, மருந்து அடிக்கிறவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். இந்தப் பக்கம் எல்லோருக்கும் அடிக்கிறேன், உங்களுக்கும் அடித்துவிடட்டுமா என்று கேட்டார். வீட்டுக்காரர் மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"என்னை இன்னாத்துக்குக் கேக்கற? அவளக் கேளு."

நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். மருந்து அடிக்கிறவர் திரும்பி என்னைப் பார்த்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கழனியைப் பற்றி என்னை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அழுகை வந்தது. இத்தனை வருஷம் எங்கேய்யா போயிருந்தீங்க என்று கோபமும் வந்தது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன்.

"நாளைக்கு வாங்க. காத்தால போய்ப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன்" என்றேன்.