அத்தான் வாங்கிய எஞ்சின்

“பாப்பா, இதுல எஞ்சின் எது?”

கம்ப்யூட்டர் கடையின் கண்ணாடி மேசை முன்னால் நின்றுகொண்டு அத்தான் என்னிடம் கேட்டார். மேசைமேல் நாலைந்து அட்டைப் பெட்டிகள் இருந்தன. எனக்குப் பதில் தெரியவில்லை. பள்ளிப் படிப்பு முடிந்து, அடுத்து என்ன என்று புரியாமல் வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்த என்னை, விவரம் தெரிந்தவள் என்று நம்பி அவர் கூட்டி வந்திருந்தார். எனக்கு இருந்த விவரமெல்லாம் செல்போனில் பார்த்த வீடியோக்கள்தான். அவற்றில் ஒருவர் சொன்னதை அடுத்தவர் மறுத்துவிட்டுப் போவார்.

அத்தான் என் அக்காவின் கணவர். மீசை முளைத்த காலத்திலிருந்து லாரி ஓட்டியவர். நெடுந்தூரம் போகிற, பின்னால் நீளமாகத் தொடர் வண்டி கோத்த பெரிய லாரிகள். ஒரு பயணத்தில் இடது கண் ஓரத்தில் கறுப்புத் திரை இறங்குவதுபோல் இருந்ததாம். தூசி என்று நினைத்துத் தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டு ஓட்டினார். சரக்கை இறக்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

“அன்னைக்கே வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்” என்றார் டாக்டர்.

“லோடு பாதி வழியில நின்னுடுமே சார்.”

கண் போனது. அதோடு பெரிய வண்டி ஓட்டுகிற உரிமமும் போனது.

இப்போது ஒரு சரக்குக் கிடங்கின் வாசலில் தடுப்புக் கம்பத்தைத் தூக்கி இறக்குகிறார். உள்ளே போகிற ஒவ்வொரு டிரைவரிடமும் ஏதாவது சொல்வார். பின் டயரில் காற்று குறைவு, தார்ப்பாய்க் கயிறு தளர்ந்திருக்கிறது, இப்படி. அவர்கள் “சரிண்ணே” என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். வீட்டில் டிவி பார்க்கும்போது திரையில் ஏதாவது குறுக்கே வந்தால் அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும்.

“மெதுவா அமுக்குங்க, தரை தேஞ்சிடப் போகுது” என்பாள் அக்கா. பேக்கரியில் பொட்டலம் கட்டிவிட்டு வந்து, உடம்பெல்லாம் மாவு வாசனையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள்.

அந்தக் காலைப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் கம்ப்யூட்டர் வாங்கச் சம்மதித்தாள் என்று நினைக்கிறேன். கிடங்குக்கு வந்த ஒரு டிரைவர், தன் மகன் கம்ப்யூட்டரில் லாரி ஓட்டுவதைச் செல்போனில் காட்டியிருக்கிறார். நிஜம்போல் ஸ்டியரிங், காலுக்குப் பெடல், கியர் எல்லாம் இருந்தன. அத்தான் வீட்டுக்கு வந்து சாப்பிடவும் மறந்து அதை விவரித்தார்.

“நாள் பூரா கேட்ல லாரி பாக்கறீங்க. வீட்டுலயும் லாரியா?” என்றாள் அக்கா.

“பாக்கறது வேற, ஓட்டறது வேற.”

அவள் எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள். பிறகு, “சேத்து வெச்சது இவ்வளவுதான். இதுக்கு மேல ஒரு பைசா கேக்கக் கூடாது” என்று எடுத்துக் கொடுத்தாள்.

அப்படித்தான் நாங்கள் அந்தக் கடையில் நின்றோம். காதிடுக்கில் ஸ்க்ரூ டிரைவரைச் செருகியிருந்த கடைக்காரர் எங்களைத் தவிர இன்னும் மூன்று பேருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

எஞ்சின் எது என்ற கேள்விக்கு நான் யோசித்துவிட்டு, “வேலையப் பொறுத்து மாறும் அத்தான்” என்றேன்.

“வேலையப் பொறுத்து எஞ்சின் மாறுமா? வண்டில எங்கயாவது அப்படி உண்டா?” என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். பதிலை எப்படி முடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கடைக்காரர் ஒரு சின்னப் பெட்டியைத் தட்டிக் காட்டினார். “பிராசசர். கணக்கெல்லாம் இதுதான் போடும். எஞ்சின்னா இதச் சொல்லலாம்.” பிறகு செங்கல் அளவுப் பெட்டி ஒன்றை நகர்த்தினார். “இது கிராபிக்ஸ் கார்டு. படம் காட்டறது. கேமுக்கு இதாண்ணே முக்கியம். பிராசசரக் கொஞ்சம் கொறச்சுக்கிட்டு இதப் போடுங்க.”

“எஞ்சினக் கொறச்சிட்டா?”

“கேமுன்னா அப்படித்தாண்ணே.”

அத்தான் என்னை ஓரமாக இழுத்தார். “மெக்கானிக்குங்க எல்லாம் ஒரே மாதிரிதான் பாப்பா. எஞ்சின் வேலைக்குப் போனா பம்பர் விப்பானுங்க.” பிறகு மேசைக்குத் திரும்பிப் போய்க் கேட்டார்: “கார்டு இல்லன்னா படமே வராதா?”

“வரும். பிராசசருக்குள்ளயே சின்னதா ஒரு வசதி இருக்கு. ஆனா சுமாராத்தான் வரும்.”

“அது போதும் தம்பி. எனக்கு இருக்கறதே ஒரு கண்ணு. அதுக்கு எதுக்கு அவ்வளவு நல்ல படம்?”

கடைக்காரர் அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தார். கார்டுப் பெட்டியை எடுத்து ஓரமாக வைத்தார். நானும் தடுக்கவில்லை. கண்ணைக் காட்டி ஒருவர் வேண்டாம் என்கிறபோது, வேண்டும் என்று எப்படிச் சொல்வது?

கடையில் இருந்ததிலேயே பெரிய பிராசசரை வாங்கினோம். அதைப் பொருத்துவதற்குத் தகுந்த மதர்போர்டு. ஸ்டியரிங்கும் பெடலும் நல்லதாக. கார்டு இல்லை என்பதால் மின்சாரம் தருகிற பவர் சப்ளையும் சின்னது, எல்லாவற்றையும் அடக்குகிற கேபினெட் பெட்டியும் சின்னது. அத்தான் ஸ்டியரிங் பெட்டியை மடியிலிருந்து இறக்காமல் வீட்டுக்கு வந்தார்.

சாப்பாட்டு மேசையின் விளிம்பில் ஸ்டியரிங்கைத் திருகிப் பூட்டினோம். பெடல் நழுவாமல் இருக்க அக்கா பழைய மிதியடியை மடித்துக் கீழே வைத்தாள். அத்தான் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். திரையில் ஒரு லாரியின் உட்புறம் வந்தது. அவர் சாவியைத் திருப்புவதுபோல் விரலைத் திருப்பினார். நான் பொத்தானைக் காட்டினேன். உறுமல் கேட்டது. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

வண்டி நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. சாலை துண்டு துண்டாக வந்தது. அவர் ஸ்டியரிங்கைத் திருப்பி முடித்த பிறகுதான் திரையில் வண்டி திரும்பியது.

“லோடு ஜாஸ்தி போல. ஓவர்லோடு வண்டி இப்படித்தான், சொன்னா லேட்டாத்தான் கேக்கும்” என்றார். அடுத்த வளைவில் சுவரில் போய் மோதினார். நிஜச் சாலையில் ஒருமுறைகூட மோதாதவர். கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் பிராசசரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கார்டு வாங்கலாமா என்று கேட்க நான் மட்டும் கடைக்குப் போனேன். பெட்டி பிரித்த பிராசசரைத் திரும்ப எடுப்பதில்லை என்றார் கடைக்காரர். கோபமாகச் சொல்லவில்லை. “இப்ப கார்டு போடணும்னா பவர் சப்ளையும் மாத்தணும்மா. அந்தக் கேபினெட்ல கார்டு உக்காராது. அதையும் மாத்தணும். நான் வாங்கும்போதே சொன்னேன்ல?”

“சொன்னீங்க.”

அக்காவிடம் கேட்க முடியாது. அத்தான் கேட்கவே மாட்டார். நான் வேலைக்குப் போய்ப் பணம் தருகிறேன் என்று சொன்னால், அக்கா மேலே படி என்பாள். வீட்டில் யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. விளையாட்டின் அமைப்புக்குள் போய், திரையில் வருகிறவற்றைக் குறைக்கலாம். குறைத்தால் வேகம் கூடும். அத்தானைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

“மரத்த எடுத்துடவா?”

“எடு.”

“நிழல்?”

“வெயில்ல ஓட்டாதவனா நான். எடு.”

“மழை?”

“அது போனா சந்தோஷம்.”

“எதிர்ல வர்ற வண்டிங்க?”

இதற்குக் கொஞ்சம் தாமதித்தார். “எல்லாமேவா?”

“எல்லாமேதான்.”

“சரி, எடுத்துடு.”

“சைடு கண்ணாடி ரெண்டும் இருக்கு அத்தான். அதான் ரொம்ப இழுக்குது. அத எடுத்தா நல்லாவே ஓடும்.”

“அதத் தொடாத.”

“இடது பக்கத்தது மட்டுமாவது...”

“அந்தப் பக்கந்தான் எனக்குத் தெரியாது பாப்பா.”

நான் தொடவில்லை. சாம்பல் நிறச் சாலை ஒன்று மட்டும் மிஞ்சியது. இரண்டு பக்கமும் வெறும் தரை. வண்டி இப்போதும் விட்டு விட்டுத்தான் போனது. ஆனால் மெதுவாகப் போனால் சுவரில் மோதவில்லை. அத்தான் நடைவேகத்தில் ஓட்டினார். திரும்புவதற்கு முன்னால் விளக்குப் போட்டார். இடது கண்ணாடியைப் பார்க்க, நல்ல கண் எட்டும்வரை தலையை முழுக்கத் திருப்பினார்.

அக்கா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “பின்னால ஒண்ணுமே இல்லையே. என்னத்தப் பாக்கறீங்க?”

“இல்லைன்னு பாத்துத் தெரிஞ்சுக்கணும்ல” என்றார்.

இன்றைக்கும் கிடங்கிலிருந்து வந்து அந்தச் சாலையில்தான் ஓட்டுகிறார். அதில் எதிரே யாரும் வருவதில்லை. எஞ்சின் எது என்று அவர் திரும்பக் கேட்கவில்லை. இப்போது எனக்குப் பதில் தெரியும்: விளையாட்டுக்கு அந்தக் கார்டுதான் எஞ்சின்; படம் அழகாக வர மட்டுமல்ல, வண்டி தடங்காமல் ஓடவும் அதுதான் வேண்டும். அதைச் சொல்வதால் அவருக்கு ஒரு மரம்கூடத் திரும்பக் கிடைக்காது என்பதும் தெரியும்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது விளையாடுவதற்குக் கம்ப்யூட்டர் வாங்கப் போனால் இந்தக் கதையை அவர்களிடம் சொல்லுங்கள். கடைக்குப் போகும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். முக்கியமாக, எனக்கெல்லாம் எதற்கு நல்ல படம் என்று கேட்கிறவரிடம்.