ஒன்பது பல்செட்டுகளும் நான்கு இணைப்புகளும்

குழாய் அடைப்பு எடுப்பவரைத் தெருவில் எல்லோரும் 'அடைப்பண்ணன்' என்றுதான் கூப்பிடுவார்கள். மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள், அதனால் அவரும் கண்டுகொள்ளவில்லை. பதினாறு வருடமாகச் சொந்தத் தொழில். ஆறு மாதமாகத்தான் தொலைபேசி மணி அடிப்பது குறைந்திருந்தது. ஊருக்குள் நீலச் சட்டைக் கம்பெனி ஒன்று வந்திருந்தது. அடைப்பு என்று இணையத்தில் தேடினால் முதலில் அவர்கள்தான் வந்து நின்றார்கள்.

கம்பெனி மேனேஜர் ஒருநாள் நேரிலேயே வந்தார்.

"எங்ககூட வந்துடுங்கண்ணே. மாசக் கடைசிக்குள்ள சொல்லுங்க. சட்டை நாப்பத்திரண்டுதானே?"

அளவு சரியாக இருந்தது. அதுதான் அவரை உறுத்தியது.

அவருக்கு இணையதளம் செய்து கொடுத்திருந்தவன் மனைவியின் தம்பி. மாமனுக்குப் புரியும்படி விளக்கினான்.

"மாமா, தேடுனா உங்க தளம் ஏழாம் பக்கத்துல கெடக்கு. அங்க வர்றவன் வழி தவறி வந்தவன். நாலு தளக்காரங்க அவங்க பக்கத்துலருந்து உங்களுக்கு லிங்க், அதான் இணைப்பு, குடுத்தா மேல ஏறும்."

"எதுக்குக் குடுப்பாங்க?"

"நம்பகமான ஆளுன்னு கை காட்டுற மாதிரி. இருநூறு லிங்க் வெலைக்கே கெடைக்குது, வாங்கிடலாமா?"

"அந்த இருநூறு பேர் வீட்டுக்கு நான் போயிருக்கேனா மாப்ள?"

"போனதில்ல."

"அப்புறம் என்னைப் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும்?"

இதை நேர்மை என்று சொல்லலாமா என்பது சந்தேகம். பிடிவாதம் என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள். தான் வேலை செய்த இடங்களில் தளம் வைத்திருந்த நாற்பத்தொரு பேருக்கு லிங்க் கேட்டு அவரே எழுதினார். பதில் போட்டது ஒரு கல்யாண மண்டபம் மட்டும்தான். மண்டபக்காரர் தொலைபேசியிலேயே பேசினார்.

"லிங்க் தாராளமா தர்றோம். எங்க மண்டபத்துல அடைப்பே வராதுன்னு உங்க தளத்துல ஒரு வரி போடுங்க."

"மூணு தடவை நான்தானே வந்து எடுத்தேன்?"

"அதனாலதான் கேக்குறேன். நீங்க சொன்னா நம்புவாங்க."

"நம்புவாங்கன்னுதான் சொல்ல முடியல" என்று வைத்துவிட்டார்.

"லிங்க் வேணும்னு அலையுறீங்க, வந்ததையும் வெரட்டுறீங்க" என்றாள் மனைவி.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும், குழாயிலிருந்து எடுத்ததை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்வார். எடுத்தது எது என்று பிறகு சண்டை வரக் கூடாது என்பதற்காக. நான்கு வருடச் சீட்டுகள் பிஸ்கட் டப்பாவில் கிடந்தன. தளத்தில் பெருமையடிக்க ஒன்றும் தோன்றாததால், ஊர் பேர் போடாமல் அவற்றைப் பட்டியலாக ஏற்றினார். கரண்டி இருபத்தாறு. பொம்மைக் கார் பதினொன்று. சாவிக்கொத்து ஏழு. பல்செட் ஒன்பது.

"கடைக்குப் போற சீட்டு மாதிரி இருக்கு மாமா" என்றான் மைத்துனன்.

ஒரு பல் டாக்டரம்மா அதைப் பார்த்தார். கழற்றிய பல்செட்டைக் கைகழுவும் தொட்டி ஓரத்தில் வைக்காதீர்கள் என்று அவர் எத்தனை தடவை சொல்லியும் நோயாளிகள் கேட்பதாக இல்லை. தன் தளத்தில், "எங்கே போகிறதென்று இங்கே பாருங்கள்" என்று எழுதி இணைப்புக் கொடுத்தார். அதைப் பார்த்து இரண்டு முதியோர் இல்லங்கள் கொடுத்தன. பிறகு பல்செட் செய்பவர் ஒருவரும் கொடுத்தார்.

மாதத்தின் கடைசி நாள் காலையில் தளம் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. அந்த வாரம் ஐந்து அழைப்புகள் வந்திருந்தன. பழைய நாளோடு ஒப்பிட்டால் பாதிகூட இல்லை. ஒரு கிழவருடைய குளியலறையில் முட்டி போட்டு, கம்பியைக் குழாய்க்குள் விட்டுக்கொண்டிருந்தபோது மேனேஜர் அழைத்தார்.

"என்னண்ணே முடிவு?"

"சட்டைய வேற யாருக்காவது குடுத்துடுங்க."

"லிங்க் நெறைய கெடைச்சிடுச்சோ?"

"நாலு."

"நாலுதானா? யார் யாரு?"

"எல்லாம் பல் சம்பந்தப்பட்டவங்க."

கம்பியில் ஏதோ சிக்கியது. அடைப்பண்ணன் மெதுவாக இழுத்து, கழுவி, கதவோரம் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற கிழவரிடம் நீட்டினார். பிறகு சீட்டை எடுத்து, பல்செட் ஒன்று என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்.