கேமிங் லேப்டாப்பில் ஒரு நேர்காணல்

என் கணவர் ஒரு நல்ல காரியம் செய்தால் அதை வாயைத் திறந்து சொல்லவே மாட்டார். என் காருக்கு பெட்ரோல் போட்டு வைப்பார், சொல்ல மாட்டார். ஃபிரிட்ஜைத் துடைத்து வைப்பார், அதையும் சொல்ல மாட்டார். மதியத்துக்கு என்று நான் எடுத்து வைத்த ரசத்தைக் காணோமே என்று தேடும்போதுதான் விஷயம் தெரியும். அந்தக் குணத்தால் ஒரு நாள் எனக்கு வரவேண்டிய வேலையே கைநழுவப் பார்த்தது.

கோயம்புத்தூரில் வீடுகளுக்கு உள்வடிவமைப்பு செய்துகொண்டிருந்தவள் நான். கல்யாணமாகி டெக்சஸுக்கு, இந்த ஃபிரிஸ்கோவுக்கு, அவருடைய விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தேன். அந்த விசாவில் நான் சமைக்கலாம், கார் ஓட்டலாம், அனுமார் கோயிலுக்குப் போகலாம். சம்பளம் மட்டும் வாங்கக்கூடாது. எட்டு வருடம் அப்படிப் போனது. ஒரு வழியாக ஒர்க் பெர்மிட் வந்து, விண்ணப்பம் மேல் விண்ணப்பம் அனுப்பினால், ஒன்று பதில் இருக்காது, இல்லாவிட்டால் இத்தனை வருடம் என்ன செய்தாய் என்று கேட்பார்கள். என்ன செய்தேனாம்! கடைசியில் சமையலறை வடிவமைக்கிற ஒரு சின்ன நிறுவனம் வீடியோ நேர்காணலுக்குக் கூப்பிட்டது. நான் வரைந்த ஒரு முப்பரிமாணச் சமையலறையை அவர்களுக்கு எல்லாப் பக்கமும் சுற்றிக் காட்ட வேண்டும். இதுவும் போனால் இனி ஒருவருக்கும் எழுதுவதில்லை என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தேன்.

என் பழைய லேப்டாப் அந்தச் சமையலறையைத் திறப்பதற்குள் நிஜச் சமையலறையில் சோறே வெந்துவிடும். ஆகவே அவருடைய கேமிங் லேப்டாப்பைக் கேட்டேன். அதை வாங்கி வந்தபோது, ஏழு கழுதை வயசாச்சு, என்ன விளையாட்டு வேண்டிக்கிடக்கு என்று கத்தியவளும் நான்தான். கேட்டதும் மறுபேச்சு இல்லாமல் கொடுத்தார்.

அந்த லேப்டாப்பில் படம் காட்டுவதற்கு இரண்டு கிராஃபிக்ஸ் உண்டு. ஒன்று பிராசஸரோடு சேர்ந்தே இருப்பது. கொஞ்சமாகக் கரண்ட் குடிக்கும், சத்தமே போடாது, கடிதம் எழுதவும் சினிமா பார்க்கவும் அது போதும். இன்னொன்று தனியாக உட்கார்ந்திருப்பது. விளையாட்டுக்கும் என் மாதிரி வரைகிறவர்களுக்கும் அது வேண்டும். ஆனால் கொதிக்கும். அதை ஆற்றுவதற்கு உள்ளே ஃபேன் கத்தும். எது ஓட வேண்டும் என்று செட்டிங்கில் மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் ரீஸ்டார்ட் செய்தாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவர் மேலே டையும் கீழே லுங்கியுமாகப் பக்கத்து அறையில் உட்கார்ந்து போன் வீடியோவில் எனக்கு ஒத்திகை நேர்காணல் நடத்தினார். நான் சமையலறையைச் சுற்றிக் காட்டத் தொடங்கியதும் கையைத் தூக்கினார்.

“உன் வாய்ஸே கேக்கலம்மா. ஃபேன் ஃப்ளைட் கணக்கா கத்துது.”

“கத்தட்டும். நானும் கத்திப் பேசறேன்.”

“இன்டர்வியூல போய் யாராச்சும் கத்துவாங்களா?”

நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நேர்காணல். தன் ஆபீஸ் பேச்சு எனக்குத் தொந்தரவாக இருக்கும் என்று அவர் போனை எடுத்துக்கொண்டு கராஜில் இருந்த காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். நான் லேப்டாப்பைத் திறந்தேன். வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டிய ஒரு அம்மாளும் ஓர் இளைஞரும் திரையில் வந்தார்கள். பேச்செல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு என் சமையலறையைக் காட்டச் சொன்னார்கள்.

அசையவில்லை. மவுஸை இழுத்தால் கெட்டி மாவில் கரண்டியைப் போட்டு இழுப்பது போல ஒரு அடி நகர்ந்து நின்றுவிடும். அலமாரிக் கதவு பாதி திறந்தபடி உறைந்துபோனது. நான் சாரி, சாரி என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இளைஞர் கீழே குனிந்து எதையோ பார்த்தார். அவ்வளவுதான், தொலைந்தேன். அப்போதுதான் லேப்டாப்பிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை என்பது உறைத்தது. செட்டிங்கைத் திறந்தேன். பெரிய கிராஃபிக்ஸை மொத்தமாக அணைத்து, சின்னதை மட்டும் ஓட விட்டிருக்கிறார் மனுஷன். ஃபேன் கத்தக்கூடாதாம்!

மாற்ற வேண்டுமானால் ரீஸ்டார்ட் செய்யவேண்டும். செய்தால் நேர்காணல் அறுந்துபோகும். திரும்பி வரும்போது அவர்கள் இருப்பார்களோ மாட்டார்களோ. வாயாலேயே சொல்லி ஒப்பேற்றிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு எனக்குக் கோபம் வந்தது. எத்தனை வருடம் வாயாலேயே ஒப்பேற்றியாயிற்று! ஐந்து நிமிடம் கொடுங்கள், திரும்பி வருகிறேன் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு ரீஸ்டார்ட்டை அழுத்தினேன்.

கறுப்புத் திரையில் என் முகம்தான் தெரிந்தது. அனுமாரே, அவர்கள் எழுந்து போய்விடக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

இருந்தார்கள். அந்த அம்மாள் காபி கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். ஃபேன் ஊளையிடத் தொடங்கியது. இந்தச் சத்தம் என் கம்ப்யூட்டர்தான், நான் முடிக்கிற வரைக்கும் இருக்கும் என்றேன் சத்தமாக. அவர் சிரித்துவிட்டார். சமையலறை சரசரவென்று சுழன்றது. இந்த ஒரு மேடை மட்டும் ஏன் தணிவாக இருக்கிறது என்று கேட்டார். இந்த ஊர் மேடைகளில் என் உயரத்துக்கு மாவு பிசைய முடியாது, இத்தனை நாளும் ஒரு பலகை மேல் ஏறி நின்றுதான் பிசைந்தேன் என்றேன். அவர் குனிந்து எழுதிக்கொண்டார்.

முடிந்ததும் நேராகக் கராஜுக்குப் போனேன். வாயில் அத்தனை வசவும் தயாராக இருந்தது. ஏசி சத்தம் சுவரைத் தாண்டி எனக்குக் கேட்கும் என்று இன்ஜினை அணைத்துவிட்டு, அந்த ஆகஸ்ட் புழுக்கத்தில் சட்டை தொப்பலாக உட்கார்ந்திருந்தார்.

“ஏனுங்க, அதை மாத்தச் சொல்லி உங்ககிட்ட யாரு கேட்டா? மாடல் அப்படியே நின்னுபோச்சு!”

அவர் முகம் செத்துப்போனது.

“சத்தம் வராம இருக்கட்டும்னுதான் காலைல மாத்தினேன். என் விசாவாலதான் நீ வீட்டுலயே உக்காந்த. இதையும் நானே கெடுத்துட்டேனா?”

இத்தனை வருடமும் அவர் இப்படியொரு கணக்கை மனதில் வைத்திருந்தது எனக்குத் தெரியாது.

“ஒண்ணும் கெடல. மாத்தி ஓட்டிட்டேன். எந்திரிச்சு உள்ள வாங்க, வெந்துருவீங்க.”

சனிக்கிழமை இந்தியக் கடையில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அந்த அம்மாளே போன் செய்தார். அடுத்த வாரம் சேர முடியுமா என்று கேட்டார். முடியும் என்று சொல்லிவிட்டுத் திரும்பி, பக்கத்தில் நின்றிருந்த என் கணவரிடம் சொன்னேன். அவர் கடை வண்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நட்ட நடுக்கடையில் குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்துவிட்டார். வெண்டைக்காய் பக்கம் நின்றிருந்த ஒரு ஆண்ட்டி பதறி ஓடி வந்தார்.

“என்னாச்சு தம்பி? ஊர்ல யாருக்காச்சும் ஏதாவது…?”

“இல்லைங்க ஆண்ட்டி,” என்றார் அவர், கண்ணைக்கூடத் துடைக்காமல். “இவளுக்கு வேலை கெடைச்சிருச்சு.”